ஆற்றின் கடைசியில் ஓர் ஊர்

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடிவந்து, கண்டாவளைத் தாழ்நிலத்தைக் கடந்து ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது. ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உவர். இந்த அமைப்பே கண்டாவளை ஊரின் தலையெழுத்து என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஆனையிறவையே எடுத்துக்கொள்வோம். நடந்தே கடக்கும் ஆழமில்லாத நீர் அங்கே வெகுகாலமாக இருந்ததுதான். வன்னிக் காட்டு யானைகளை அதில் இறக்கி ஓட்டியது, யாழ்ப்பாணத்தில் வாங்க ஆள் இருந்ததால். ஒல்லாந்தர் காலத்தில் இந்திய வணிகர் அங்கே விலைபேசி வாங்கி, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். அந்தச் சந்தை படுத்தபின் பெயர்தான் மிஞ்சியது. பிறகு அதே ஆழமில்லா நீர் உப்பளமாயிற்று. அந்த உப்பை நம்பி 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்து, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. நிலம் இருந்தபடி இருக்க, அதனிடம் கேட்டவர்கள் மாறினார்கள்.

நிலமும் இருந்தபடி இருக்கவில்லை. 1902இல் தொடங்கி 1920 வரை ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டினார்கள். அதன்பின் கண்டாவளைக்கு வரும் தண்ணீர் மழை தருவது மட்டுமல்ல, மேலே திறந்துவிடுவதுமாயிற்று. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்தின் நீர்மட்டம் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். கண்டாவளைப் பக்கத்து முரசுமோட்டையில் எந்த வயல் பச்சை, எந்த வயல் தரிசு என்பது அங்கே முடிவாகிறது. பள்ளத்தாக்கு இடம் கொடுத்த இடத்தில்தானே அணை கட்ட முடிந்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கட்டி முடிந்த அணை, அடுத்த தலைமுறைக்கு மலையையும் ஆற்றையும் போல நிலத்தின் பாகமாகிவிடுகிறது. 2018 டிசம்பரில் குளத்தின் வான் கதவுகள் திறந்து கண்டாவளைப் பிரிவு மூழ்கியபோது, தாழ்ந்த நிலம் மூழ்கத்தானே செய்யும் என்ற பேச்சும் எழுந்தது. தாழ்வு பழையது, அந்தத் தாழ்வில் இத்தனை வீடும் வயலும் வந்தது குளத்தை நம்பி.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் இரணைமடுவைவிடப் பெரிதாக நினைத்தார்: சுண்டிக்குளத்தில் அணைபோட்டுக் கடல்நீரேரியையே நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுபோவது. வேலை பாதியில் நின்றது. நிறைவேறியிருந்தால் கண்டாவளையின் வடக்கெல்லையில் உவருக்குப் பதில் குடிநீர் நின்றிருக்கும்; ஆனையிறவு உப்பளத்தின் கதை என்னவாகியிருக்குமோ.