கை வீசினால் ஆட்டம்

1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஹனாஃபுடா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. 2006 நவம்பரில் அது ‘வீ’ என்ற வீடியோ கேம் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போட்டியாளர்கள் படத்தின் துல்லியத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா வீடியோ கேம் பக்கமே வராதவர்களை மனதில் வைத்தார்.

வீயின் வெள்ளை ரிமோட்டுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானி. முனையில் அகச்சிவப்புக் கேமரா. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையின் இரு ஓரத்து அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்து, ரிமோட் எந்தப் பக்கம் நீட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா கண்டுகொள்ளும். டென்னிஸ் ஆடப் பொத்தான்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கையை வீசினால் போதும்.

வீசிய வேகத்தில் சிலரின் ரிமோட் கைநழுவிப் பறந்தது. அடுத்த மாதமே தடித்த மணிக்கட்டு வார் வந்தது.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் தாத்தா பாட்டிகள் அணி பிரித்து வீயில் பௌலிங் ஆடினார்கள். உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட வீ கருவிகள் விற்றன.