அம்மை குத்துதல், தடுப்பூசி, சொட்டு மருந்து

தடுப்பூசி என்ற சொல் பரவுமுன் தமிழில் வழங்கியது ‘அம்மை குத்துதல்’. ‘குத்து’ என்பது மிகையல்ல. பெரியம்மைக்குக் குத்திய கடைசிக் காலத்தில் புழங்கிய கவை ஊசியின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு துளி மருந்து தங்கும். அதை மேற்கையில் ஒரே இடத்தில் 15 முறை குத்துவார்கள். புண்ணாகி ஆறிய தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். உள்ளே போன மருந்துக்கு ‘அம்மைப்பால்’ என்று பெயர். அது பால் அல்ல, கொப்புளத்து நீர். ஆனாலும் அழகான பெயர்.

ஆங்கிலத்தின் ‘வாக்சின்’ பசுவைக் குறிக்கும் லத்தீன் ‘வாக்கா’விலிருந்து வந்தது. 1796இல் எட்வர்டு ஜென்னர் பால் கறக்கும் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைச் சீழை ஒரு சிறுவனுக்கு ஏற்றிப் பெரியம்மையைத் தடுத்தார். மாட்டோடு தொடர்பில்லாத மருந்துகளுக்கும் அப்பெயரே இருக்கட்டும் என்று 1881இல் முன்மொழிந்தவர் லூயி பாஸ்டர்.

‘தடுப்பூசி’ என்ற தமிழ்ச் சொல்லில் மாடும் இல்லை, அம்மையும் இல்லை. வேலையும் கருவியும் மட்டுமே. அதில்தான் சிக்கல். போலியோவுக்கு வாயில் விடுவதை ஊசி என்பது எப்படி? மக்களே ‘சொட்டு மருந்து’ என்று தீர்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பொதுவாக எழுத வேண்டுமானால் ‘தடுப்பு மருந்து’ என்பதே சரி. ‘தடுப்பூசி மருந்து’ என்று எழுதுவது, என் கணக்கில், சோம்பல். வினையும் மாறிவிட்டது: அம்மை குத்தினார்கள், ஊசி போடுகிறார்கள், சொட்டு மருந்து கொடுக்கிறார்கள்.