துப்பாக்கியைப் பிடுங்கின சீமையில் அரிவாள்

1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாடப்புத்தகத்துல படிச்ச ராபர்ட் கிளைவோட மகன் இவர். தென்பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் ஏந்தக்கூடாது, கோட்டை இருக்கக்கூடாது, மீறினால் மரண தண்டனை. கூடவே, அடங்கிப் போறவங்களுக்குப் பொதுமன்னிப்பும் உண்டு.

இன்னைக்கு உலகம் பூரா நடக்கிற வாக்குவாதம்தானே, துப்பாக்கியைத் தடை பண்ணினால் வன்முறை குறையுமா குறையாதான்னு? அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் காட்டிப் பேசுறாங்க. அதையே 220 வருஷம் முன்னாடி நம்ம கரிசல் காட்டுல செஞ்சு பார்த்திருக்காங்க. என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.

முதல்ல அந்தத் தடை ஏன் வந்தது? ஊர்ச் சண்டையைக் குறைக்க வேணும்னு கும்பெனிக்காரனுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. 1799 அக்டோபர் 16ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு, அப்பவே மேஜர் பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டுட்டார். எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிச்ச கோட்டையை மறுபடி எழுப்பினார். மண் கோட்டைதான். மார்ச் கடைசியில் வந்த முதல் தாக்குதல் அதுக்கிட்டே தோத்துத் திரும்புச்சு. மே 24ல்தான் கர்னல் அக்னியூ அதைப் பிடிக்க முடிஞ்சது. பிறகு அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்வாங்க. (இப்ப நீங்க டூரிஸ்ட் பஸ்ல வந்து பார்க்கிற கோட்டை 1974ல் கட்டினது.) அக்டோபர் 24ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் டிசம்பர் பிரகடனம்.

துப்பாக்கி மட்டும் போகலைங்க. வளரியும் போச்சு. சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கத்துக்கொடுத்ததை ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கும்பெனி அதிகாரி பின்னாடி புத்தகத்துல எழுதியிருக்கார். அப்படிச் சொல்லிக்கொடுத்தவரையே துரத்திப் பிடிச்ச படையிலும் இருந்தார். இன்னைக்கு வளரியைப் பார்க்கணும்னா மியூசியத்துக்குத்தான் போகணும்.

சரி, வன்முறை குறைஞ்சதா? ஒரு வகை குறைஞ்சது, அதை மறுக்க முடியாது. பாளையத்துக்குப் பாளையம் படை திரட்டிப் போறது நின்னுபோச்சு. ஆனா துப்பாக்கியைப் பிடுங்கினதால மட்டும் அது நிக்கலை. 1803 வாக்கில் பாளையக்காரர் வரி கட்டுற ஜமீன்தார் ஆனார். காவல் அதிகாரம் அவர் கையை விட்டுப் போச்சு. சண்டை போட்டுச் சம்பாதிக்க எதுவும் மிச்சமில்லை.

கீழே ஊருக்குள்ள கதையே வேற. காவலுக்குன்னு பரம்பரையாக் கூலி வாங்கினவங்க, சர்க்கார் அதை ரத்து பண்ணினதும் வயித்துக்கு என்ன செய்வாங்க? காவல் கூலி தர மறுத்த ஊர்ல மாடு காணாமப் போகும். துப்புக்கூலி கொடுத்தா மாடு திரும்பி வரும். இதுக்குத் துப்பாக்கி எதுக்கு? வேல்கம்பு போதும், இருட்டு போதும். இது நூறு வருஷம் ஓடுச்சு. 1896ல் திண்டுக்கல், மதுரை பக்கம் சம்சாரிகளே கூட்டம் கூடி இந்தக் காவலை எதிர்த்துக் கிளம்பினாங்க.

துப்பாக்கி இல்லாத ஊருக்கும் துப்பாக்கி வச்சிருக்கிற சர்க்காருக்கும் நடுவில் என்ன நடக்கும்ங்கிறதை 1920 ஏப்ரல் 3 காட்டுச்சு. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டத்துல கைரேகை வைக்க மாட்டோம்னு ஊரே நின்னது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் சேர்த்து 16 பேருக்குக் குறையாம செத்தாங்க. ஆயுதத் தடைன்னு பேசும்போது யாரோட ஆயுதம்னு கேட்கணும். 1878 ஆயுதச் சட்டத்துலயே வெள்ளைக்காரனுக்கு விலக்கு இருந்தது. 1930ல் காந்தி வைஸ்ராய்க்கு வச்ச 11 கோரிக்கையில் ஒண்ணு, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடு, அதை மக்கள் கட்டுப்பாட்டில் வை என்பது. அகிம்சைக்காரரே கேட்டிருக்கார்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1959 சட்டம்தான் இப்பவும் நடப்புல இருக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிச்சுச் சுடுற நாட்டுத் துப்பாக்கிக்கு அதில் உரிமம் உண்டு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அதே சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னே செஞ்ச பொருள் ஆயுதம் ஆகாதுன்னும் சொல்லுது. ஆக, நான் வேலிமுள் வெட்டுற அரிவாள் ஆயுதக் கணக்கில் வராது. நம்ம பக்கம் கொலைச் செய்தியில் வர்றதும் அதுதான். மருது ஆண்ட சிவகங்கைச் சீமையில் இருக்கிற திருப்பாச்சேத்திக்கு அரிவாளாலதான் பேரு. 2021ல் தெற்கே அடுத்தடுத்துக் கொலை விழுந்தப்ப, பட்டறைக்காரங்க அரிவாள் வாங்குறவங்க பேரையும் விலாசத்தையும் எழுதி வைக்கணும், கேமரா மாட்டணும்னு போலீஸ் சொன்னது. கதிர் அறுக்கப் போறவனும் பேரு எழுதினான். தலை அறுக்கப் போறவன் எழுதியிருப்பானா?

இவ்வளவும் சொன்னதால நான் துப்பாக்கிக் கட்சின்னு நினைச்சுடாதீங்க. இந்தியாவிலேயே உரிமத் துப்பாக்கி அதிகம் உள்ளது உத்தரப்பிரதேசம். 2016 கணக்குப்படி 12 லட்சத்துக்கு மேல். வடக்கே கல்யாண ஊர்வலத்துல சந்தோஷத்துக்குச் சுட்டு ஆள் செத்துப் போறது வழக்கமாகி, அதையே குற்றம்னு 2019ல் சட்டத்துல எழுத வேண்டி வந்தது. குடகுல வீட்டுக்கு வீடு துப்பாக்கி வச்சுப் பூஜை போடுறாங்களே, அங்க என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா குடகுல இருக்கிறது தலைமுறை தலைமுறையா வந்த ஒரு ஒழுங்கு. நேத்து வாங்கின துப்பாக்கிக்கு அது வராது. கோயில் கொடையில் முதல் மரியாதைக்கு மூணு வருஷமாப் பேசாம இருக்கிற பங்காளிங்க எங்க ஊர்ல உண்டு. கோபத்துல அரிவாளை எடுத்தவன் கிட்டே வரணும். வர்றதுக்குள்ள நாலு பேர் பிடிச்சுடலாம், எதிராளி ஓடலாம். குண்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. 1801 தடையைக் கொண்டு வந்தவன் எண்ணம் கெட்டதுதான். அதனால நமக்கு மிஞ்சின இந்த அவகாசத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இந்த யோசனையெல்லாம் இப்ப வந்ததுக்குக் காரணம், மக்காச்சோளத்துல இறங்குற காட்டுப்பன்னிக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு ஊர்ல ஒரு மனு சுத்துது. அவங்க வேதனை பொய்யில்லை. எனக்கும் கால் பங்கு போச்சு. துப்பாக்கி இல்லைன்னா கரண்ட் வேலி போடுறான், கோவை, சத்தியமங்கலம் பக்கம் அவுட்டுக்காய் வைக்கிறான். அதைக் கடிச்சு யானையும் பசுவும் வாய் கிழிஞ்சு சாகுது. தடைக்கு இப்படியும் ஒரு விலை இருக்கு. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறையே சுடலாம்னு 2025 ஜனவரியில் அரசு சொல்லியிருக்கு. அதை நடத்திக் காட்டு, நஷ்டத்துக்குப் பணம் கொடுன்னு தனியா ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டிருக்கேன். இதுவரை 11 பேர் போட்டிருக்காங்க. அந்த மனுவுக்கு நாப்பதைத் தாண்டிடுச்சு.