தாயம் யாருக்கு விழுகிறது?

எங்கள் ஊர்த் திண்ணையில் தாயக்கட்டம் சுண்ணாம்பால் கீறிக் கிடக்கும். கட்டையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி எறிகிற கிழவியைப் பார்த்து "அவ கையில ராசி இருக்கு" என்பார்கள். தற்செயல் பற்றிய நமது பேச்சுகளெல்லாம் இந்த 'ராசி'யில் வந்து முட்டி நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டிப் போக முடியுமா என்று பார்க்கலாம்.

தாயக்கட்டை ஆறு முகப் பகடை அல்ல. நீளவாக்கில் நான்கு பக்கங்கள் கொண்ட இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டும் சேர்ந்து விழ 16 வழிகள் உண்டு. மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3. தாயத்துக்கும் (ஒன்று) ஐந்துக்கும் தலா 2. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு முறை உருட்டினால்தான் ஒரு தாயமாவது விழும் வாய்ப்பு பாதியைத் தாண்டும். எட்டு முறை உருட்டியும் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு. "எட்டு தடவ போட்டும் விழல, எவ கண்ணு பட்டுச்சோ" என்று அலுத்துக்கொள்கிறவளுக்கு அசாதாரணமாக எதுவும் நேர்ந்துவிடவில்லை.

என் கவனம் செல்வது விதியின் மேல். 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. 2, 3, 4 விழுந்தால் இல்லை. அதாவது, இரண்டு வழியோ அதற்குக் குறைவாகவோ உள்ள எண்களுக்கு மட்டும் பரிசு. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. எது அரிதாக விழும், எது அடிக்கடி விழும் என்பதை உருட்டி உருட்டியே தெரிந்துகொண்ட கைகள் இந்த விதியைச் செய்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. எழுத்தில் ஏறாத இந்த அறிவுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் இல்லாததாலேயே அது அறிவு என்றும் எண்ணப்படவில்லை.

நிகழ்தகவின் அதிகாரபூர்வ வரலாறு வேறு விதமாகத் தொடங்கும். கார்டானோ 16ஆம் நூற்றாண்டில் எழுதிய சூதாட்ட நூல், அவர் செத்து வெகுகாலம் கழித்து 1663இல் அச்சேறியது. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதையே பிறந்த தேதியாகச் சொல்வது வழக்கம். ஆனால் கலிலியோவின் சிறு குறிப்பொன்று வேறு கதை சொல்கிறது. மூன்று பகடைகளில் 9, 10 இரண்டையும் ஆறாறு விதமாகவே பிரிக்க முடியும். ஆனாலும் 10 கூடுதலாக விழுகிறதே என்ற குழப்பம் ஆட்டக்காரர்களுடையது. 216 வழிகளில் 9க்கு 25, 10க்கு 27 என்று கலிலியோ கணக்கிட்டார். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதைக் கண்டுகொண்டவர்கள் ஆடியவர்கள், விளக்கியவர் அறிஞர். வரலாற்றில் நிற்பது விளக்கியவர் பெயர்.

நம் பக்கத்திலும் அறிவைப் பூட்டிவைத்த கதை உண்டு. மகாபாரதத்தின் நளோபாக்கியானத்தில் இருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். அந்தக் காலச் சூதில் உருட்டியது தான்றிக்காயைத்தான். அந்த எண் வித்தையையும் சூதின் இரகசியத்தையும் நளனுக்குக் கொடுத்து, குதிரை வித்தையைப் பெற ஒப்பந்தம் செய்கிறான். நளன் அப்போது தேரோட்டி வேடத்தில் இருந்தாலும் அரசன்தான். இரகசியம் அரசனிடமிருந்து அரசனுக்கே போகிறது. தோற்றவர்களுக்கு விதி, ஜெயித்தவர்களுக்கு வித்தை என்று பிரதி பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது.

நவீனச் சட்டமும் இதே பங்கீட்டைத்தான் வெகுகாலம் செய்தது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இலும், குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று 1996இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது வழக்கு சென்னைப் பந்தய மைதானத்தைப் பற்றியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது இதே தர்க்கத்தில்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம்தான் திறமை, தற்செயல் என்ற பிரிவினையை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது.

கேள்வியே பிசகு என்பது என் கட்சி. திறமையா தற்செயலா என்பதைவிட, வாய்ப்பின் வித்தியாசம் யார் பைக்குப் போகிறது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஐரோப்பியச் சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஓர் எண்ணில் ஜெயித்தால் கட்டிய பணத்தோடு 35 மடங்கு தருவார்கள். நியாயமாக 36 தர வேண்டும். அந்த ஒன்றில்தான் விடுதியே நிற்கிறது. யாருடைய கண்ணும் படத் தேவையில்லை. நீண்ட நாள் ஆடுகிறவன் தோற்பது கணக்கிலேயே எழுதியிருக்கிறது.

திண்ணையில் அந்த ஒன்று இல்லை. எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் அதே 16 வழி, அதே எட்டில் ஒன்று. நடுவில் கமிஷன் எடுக்க ஆளில்லை. பந்தயம் வைத்தாலும் ஒருத்தி விட்டதை இன்னொருத்திதான் எடுப்பாள். 'சூது' என்ற ஒரே சொல்லுக்குள் இந்தத் திண்ணையையும் அந்த விடுதியையும் சேர்த்து அடைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவது யாருக்கு வசதி என்பதை நாம் யோசித்தாக வேண்டும்.