ஐதரோகாபன் சிதைக்கும் மண் பற்றீரியாக்கள்

டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், தார் ஆகியவற்றிலுள்ள ஐதரோகாபன்களை உணவாகக்கொண்டு, அவற்றைக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும் நுண்ணுயிர்கள். சூடோமோனாசு, ரொடோகொக்கசு, மைக்கோபற்றீரியம், அசினெற்றோபக்டர் ஆகிய பேரினங்கள் இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டவை. இலைமெழுகும் உக்கும் தாவரங்களும் தரும் சேர்வைகளில் பழகிய இப்பற்றீரியாக்கள் எந்த வயல்மண்ணிலும் சிறு தொகையில் இருக்கும்; எண்ணெய் சிந்தியதும் பெருகத் தொடங்கும். ஆகவே வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து போடுவது என்று கேட்குமுன், மண்ணில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு என்ன குறை என்று கேட்கவேண்டும். மட்டக்களப்புக்கு வடக்கே, வந்தாறுமூலையைத் தாண்டி வரும் சித்தாண்டி போன்ற நெல் நிலத்தில் அந்தக் குறை பெரும்பாலும் ஒட்சிசன்தான்.

டீசலின் பெரும்பகுதி அற்கேன் சங்கிலிகள். பற்றீரியாவின் நொதியம் சங்கிலியின் நுனிக் காபனில் ஒட்சிசன் அணு ஒன்றை ஏற்றுகிறது. அற்கேன் அற்ககோலாகி, அல்டிகைட்டாகி, கொழுப்பமிலமாகிறது. பிறகு இரண்டிரண்டு காபனாக வெட்டுப்பட்டு, கலத்துக்குச் சக்தி தருகிறது. பென்சீன், நப்தலீன் போன்ற வளையச் சேர்வைகள் இவ்வளவு எளிதில் மசியா. ஒட்சிசன் மூலக்கூறின் இரு அணுக்களும் வளையத்தில் ஏறி, கற்றெக்கோல் போன்ற இடைச்சேர்வை உண்டான பின்னரே வளையம் உடையும். வளையங்கள் கூடக்கூட வேலை மந்தமாகும். புற்றுநோய் விளைவிப்பதாக உறுதிசெய்யப்பட்ட, ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோபைரீன் மண் துணிக்கைகளில் ஒட்டியபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எண்ணெய் நீரில் கரையாது என்பதால் சூடோமோனாசு எருஜினோசா போன்றவை ராம்னோலிப்பிட்டு என்னும் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளைச் சுரந்து, அதைச் சிறு துளிகளாக உடைத்துக்கொள்கின்றன.

ஒட்சிசன் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கிலோ டீசலை முழுதாக ஒட்சியேற்ற ஏறத்தாழ 3.5 கிலோ ஒட்சிசன் தேவை. 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஒட்சிசனே கரைந்திருக்கும். அப்படியானால் ஒரு கிலோ டீசலுக்கு நான்கரை இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் வேண்டும். காற்றென்றால் 13 கனமீற்றர் போதும். போதாக்குறைக்கு, நீரினூடே ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு.

சித்தாண்டியில் வடகீழ்ப் பருவமழை பெரும்போகத்தோடு வரும். 2011 ஜனவரி போன்ற வெள்ள காலங்களில் சந்தனமடு ஆற்றுப் பக்க நிலமெல்லாம் நீருக்குள் போய்விடும். நீர் மூடிய மண்ணில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இராது. அங்கே நைத்திரேற்றையோ இரும்பையோ சல்பேற்றையோ அதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள்தான் வேலை செய்யும். ஜியோபக்டர் இரும்பைக்கொண்டு தொலுயீனைச் சிதைப்பது இப்படித்தான், வேகம் குறைவு. வாவிக்கரைக் கண்டற் சேற்றில் உப்புநீரின் சல்பேற்று கைகொடுக்கிறது. கோடையில் மண் வெடித்துக் காற்று இறங்கும், ஆனால் ஈரம் போய்விடும். மண் நனைந்தும் சேறாகாமலும் இருக்கும் இடைப்பட்ட வாரங்களே இப்பற்றீரியாக்களுக்கு நல்ல காலம்.

உழவு இயந்திரத்துக்கு ஒயில் மாற்றும் இடத்தைக் குனிந்து பார்த்தால் காற்றும் ஈரமும் எவ்வளவு அவசியம் என்பது புரியும். கறுத்த நடுப்பகுதியில் விழும் மழைத்துளி உள்ளே இறங்காமல் உருண்டோடும்; புல் முதலில் தலைகாட்டுவது விளிம்பில்தான். அந்த மண்ணைக் கொத்திப் புரட்டி, அளவாகச் சாணமோ யூரியாவோ கலந்து, ஈரம் காயாமல் வைத்திருப்பது மலிவான பரிகாரம். 100 பங்கு காபனுக்கு 10 பங்கு நைதரசன், 1 பங்கு பொசுபரசு என்பது வழக்கிலுள்ள விகிதம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பிறக்கும் அமோனியா பற்றீரியாவையே கொன்றுவிடும். பழைய ஒயிலிலுள்ள துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பற்றீரியாவாலும் அழிக்க முடியாது.

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய கரைகளிலும் உரமிட்டு உள்ளூர்ப் பற்றீரியாக்களைத்தான் ஊக்குவித்தார்கள். இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி பல பிளாசுமிட்டுகளை (மரபணுக்களைச் சுமக்கும் சிறு வளையங்களை) ஒரே சூடோமோனாசில் சேர்த்து உருவாக்கிய பற்றீரியாவுக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980 ஜூன் 16 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் காப்புரிமை வழங்க வழிவிட்டது. சட்டத்துக்கு அது பெரிய திருப்பம். எண்ணெய்க் கசிவுகளைத் துப்புரவாக்கியதில் அதன் பங்கு இல்லையென்றே சொல்லலாம். சென்னை எண்ணூருக்கு அப்பால் 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியபோது சேர்ந்த எண்ணெய்ச் சகதி துறைமுக வளாகத்தில் நுண்ணுயிர்களைக்கொண்டு பதப்படுத்தப்பட்டது.

மேல்மண்ணைத் தாண்டி எண்ணெய் கிணற்று நீருக்குள் போய்விட்டால் இப்பற்றீரியாக்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. அங்கே ஒட்சிசனும் குறைவு, புரட்டிப்போட மண்ணும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் அனல்மின் நிலையத்தின் எண்ணெய் கலந்த வழக்கில், இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது.