பஞ்சர் ஆனா தானா அடைச்சுக்கிற டயர்

காற்றடைத்த டயரை உலகத்துக்குப் பழக்கியவர் ஒரு டாக்டர்தாங்க. மாட்டு டாக்டர்! பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவம் பார்த்த ஜான் பாய்ட் டன்லப், மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு ரப்பர் குழாயில் காற்றடைச்சு மாட்டினார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். (ராபர்ட் தாம்சன் 1845-லேயே இதைப் பதிஞ்சுட்டார்னு பின்னாடி தெரிஞ்சு, அது செல்லாமப் போச்சு.)

காற்று வந்ததும் பஞ்சரும் வந்துடுச்சு. அந்த டயரை ரிம்மோட ஒட்டியிருப்பாங்க. பிய்ச்சு, பஞ்சர் பார்த்து, திரும்ப ஒட்டிக் காயவைக்கணும். 1891-ல் மிஷ்லின் சகோதரர்கள் கழட்டி மாட்டுற டயரைக் கொண்டுவந்தாங்க. அதே வருஷம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதை ஓட்டியே ஜெயிச்சார்.

சரி, 2011-க்கு வருவோம். ஷேன் சென் கொண்டுவந்த சோலோவீல், ஒத்தைச் சக்கர மின் வண்டி. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கு. ட்யூப் மாத்தணும்னா வண்டியையே பிரிக்கணும். அதைவிட முக்கியம், ஓடுறப்போ காத்து போனா தாங்க இன்னொரு சக்கரம் கிடையாது. கையை ஊனி விழுந்தா மணிக்கட்டு எலும்பு உடையும்.

அதனாலதான் இதை ஓட்டுறவங்க பலர் முன்கூட்டியே சீலன்ட் ஊத்தி வைக்கிறாங்க. சக்கரம் சுத்துறப்போ அந்தத் திரவம் உள்ளே படரும். முள் குத்தினா, வெளியேறுற காத்தோட திரவமும் வரும். அதில் இருக்கிற நார்த் துணுக்குகள் ஓட்டையில் சிக்கி அடைச்சுக்கும். நம்ம ரத்தத்தில் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் செய்யற அதே வேலை!

ஆனா ரத்தம் மாதிரி இது தானா ஊறாது. நாளானா காய்ஞ்சிடும், திரும்ப ஊத்தணும். டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சா சீலன்ட் நிக்காது. பெரிய தமனி அறுந்தா ரத்தம் உறைஞ்சு மட்டும் நிக்காதுல்ல, அப்படித்தான்.