ஆர்டுபாய்

ஆர்டுபாய் என்பது கிரெடிட் கார்டின் நீள அகலத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் 8-பிட் விளையாட்டுக் கருவி. அமெரிக்கரான கெவின் பேட்ஸ் 2014இல் இதன் முதல் மாதிரியைச் செய்தார். கருப்பு வெள்ளைத் திரை, ஆறு பட்டன்கள், ஒரு சிறிய பீசோ ஒலிப்பான், சிறிய பேட்டரி ஆகியவை இதன் முக்கியப் பாகங்கள். எல்லாமே கடைகளில் தனித்தனியாகக் கிடைப்பவை. நிரல் நூலகமும் திறந்த மூலமாக வெளியாகியுள்ளது. எனவே சாலிடரிங் பழகிய ஒருவர் இதற்கு இணையான கருவியை வீட்டிலேயே கட்டிவிடலாம்.

பழைய வீடியோ கேம்களை எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) மூலம் ஓட்டும் கருவிகள் வேறு, ஆர்டுபாய் வேறு. அது பழைய விளையாட்டு எதையும் அப்படியே ஓட்டுவதில்லை. பழைய கருவிகளில் இருந்த அதே இடநெருக்கடிக்குள் புதிய விளையாட்டுகளை எழுத இடம் தருகிறது.

பின்னணி

அமெரிக்காவின் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் 1979இல் வெளியிட்ட மைக்ரோவிஷன், கார்ட்ரிட்ஜை மாற்றி வேறு வேறு விளையாட்டுகளை ஆடும்படி வந்த முதல் கையடக்கக் கருவி. அதன் திரையில் 16 வரிசை, வரிசைக்கு 16 என 256 புள்ளிகளே இருந்தன. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980இல் கேம் அண்டு வாட்ச் வரிசையையும் 1989இல் கேம் பாயையும் கொண்டுவந்தது. இவ்விரண்டையும் உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். விலை இறங்கி, குணம் நன்கு தெரிந்துபோன பாகங்களைப் புது வேலைக்குத் திருப்புவதே நல்லது என்பது அவருடைய கொள்கை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரைக்குப் போனபோதும் கேம் பாய் நான்கு சாயல்களோடு நின்றது. அதனால்தான் நான்கு ஏஏ பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடவும் முடிந்தது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ, மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதும் வேலையை மாணவர்கள் கைக்கும் எட்டச் செய்தது. அந்தத் தளத்தின் மீதுதான் பேட்ஸ் வேலை செய்தார். விசிட்டிங் கார்டாக நீட்டுவதற்கென்று டெட்ரிஸ் ஓடும் மெல்லிய சர்க்யூட் போர்டு ஒன்றைச் செய்து, 2014இல் அதன் வீடியோவை வெளியிட்டார். அது பரவலாகப் பேசப்பட்டது. 2015இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக மக்களிடம் பணம் திரட்டி, ஆர்டுபாய் என்ற பெயரில் கருவியை உற்பத்திக்குக் கொண்டுவந்தார்.

செயலியும் நினைவகமும்

கருவியின் மூளை ஏடிமெகா32யு4 என்ற 8-பிட் மைக்ரோகன்ட்ரோலர். ஆர்டுயினோ லியனார்டோ போர்டில் இருப்பதும் இதே சிப்தான். 16 மெகா ஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2.5 கிலோபைட் ரேம், 1 கிலோபைட் ஈப்ராம் ஆகியவை அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. ஃபிளாஷில் 4 கிலோபைட்டை, புதிய நிரலை ஏற்றிவைக்கும் பூட்லோடர் எடுத்துக்கொள்ள, விளையாட்டுக்கு 28,672 பைட் மிஞ்சுகிறது. யுஎஸ்பி வசதியும் சிப்பிலேயே உண்டு என்பதால், கணினியோடு பேசத் தனிச் சிப் தேவையில்லை.

கேம் பாயின் செயலி சுமார் 4.19 மெகா ஹெர்ட்ஸில் ஓடியது. கடிகார வேகத்தில் ஆர்டுபாய் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் கேம் பாயில் 8 கிலோபைட் வேலை நினைவகமும், படத்துக்கென்று தனியே 8 கிலோபைட்டும் இருந்தன. அதைவிட முக்கியமாக, பின்னணிக் கட்டங்களையும் 40 நகரும் உருவங்களையும் அடுக்கிக் காட்டும் வேலையைத் தனி வன்பொருள் பார்த்துக்கொண்டது. ஆர்டுபாயில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் செயலியே வைக்க வேண்டும். கையில் உள்ள வேகத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது.

இந்தச் சிப் நிரலை ஃபிளாஷிலிருந்து மட்டுமே இயக்கும், ரேமிலிருந்து இயக்காது. மெமரி கார்டில் உள்ள விளையாட்டை ரேமுக்கு இழுத்து ஓட்டும் வழி இதனால் அடைபட்டிருக்கிறது. விளையாட்டை மாற்ற வேண்டுமானால் ஃபிளாஷையே அழித்து எழுத வேண்டும்.

திரை

1.3 அங்குல ஓஎல்இடி திரை. குறுக்கே 128, நெடுக்கே 64 என 8,192 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வீதம் ஒரு முழுப் படத்துக்கு 1,024 பைட் வேண்டும். 2,560 பைட் ரேமில் இது போக மிஞ்சும் 1,536 பைட்டுக்குள்தான் எதிரிகள், தோட்டாக்கள், வரைபடம், மதிப்பெண், ஒலி என்று மற்ற எல்லாமே அடங்க வேண்டும். மாறாத படங்களையும் எழுத்துகளையும் ஃபிளாஷிலேயே விட்டுவைத்து, தேவைப்படும்போது மட்டும் படிப்பது இதனால் எழுதாத சட்டமாகிவிட்டது.

திரையை இயக்கும் எஸ்எஸ்டி1306 சிப், படத்தை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பைட் என்பது மேலிருந்து கீழாக நிற்கும் எட்டுப் புள்ளிகள். உருவம் பட்டையின் எல்லையில் சரியாக நின்றால் பைட்டை அப்படியே எழுதிவிடலாம். மூன்று புள்ளி கீழே இறங்கினால் ஒவ்வொரு பைட்டையும் நகர்த்தி, இரண்டு பட்டைகளில் பிரித்து எழுத வேண்டும். பக்கவாட்டில் நகர்வது மலிவு, மேலும் கீழும் நகர்வது செலவு என்ற இந்த வேறுபாட்டை அனுபவமுள்ள நிரலாளர்கள் கணக்கில் வைத்தே ஆட்டத்தை வடிவமைக்கிறார்கள்.

சாம்பல் நிறம் இந்தத் திரைக்குக் கிடையாது. பிற்காலத்தில் சிலர், இரண்டு மூன்று படங்களை மிக வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, கண்ணுக்குச் சாம்பல் சாயல் தெரியும்படி செய்தார்கள்.

பட்டன்களும் ஒலியும்

நான்கு திசைப் பட்டன்களோடு ஏ, பி என இரண்டு செயல் பட்டன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிப்பின் ஒரு காலை ஒதுக்கியிருப்பதால், எத்தனை பட்டனைச் சேர்த்து அழுத்தினாலும் தனித்தனியாகத் தெரியும். உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். அப்போது ஒரே அழுத்தம் பல அழுத்தங்களாகத் தோன்றக்கூடும். படத்துக்கு ஒரு முறை மட்டுமே பட்டன்களைப் படிப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடுகிறது. விநாடிக்கு 60 படம் என்றால் இரண்டு வாசிப்புகளுக்கு இடையே சுமார் 16.7 மில்லி விநாடி இருக்கும். அதற்குள் துள்ளல் அடங்கிவிடும்.

பீசோ ஒலிப்பானின் இரு முனைகளும் சிப்பின் இரண்டு கால்களில் இணைகின்றன. ஒன்று உயரும்போது மற்றது தாழுமாறு மாற்றிக்கொண்டிருந்தால், தனியாக ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே சத்தம் கூடும்.

மென்பொருள்

விளையாட்டுகள் சி++ மொழியில், ஆர்டுயினோ மென்பொருளில் எழுதப்படுகின்றன. ஆர்டுபாய்2 என்ற நூலகம் படம் வரைதல், பட்டன் படித்தல், பட வேகத்தைச் சீராக வைத்தல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மிஸ்டிக் பலூன் போன்ற தாவிக் குதிக்கும் ஆட்டங்கள் முதல், கேட்டகோம்ஸ் ஆஃப் த டேம்டு போன்ற முப்பரிமாணச் சுரங்க ஆட்டம் வரை இந்த 28 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டுள்ளன.

மதிப்பெண்ணைச் சேமிக்க உள்ள ஈப்ராமில் முதல் 16 பைட்டை நூலகம் தன் அமைப்புகளுக்கு வைத்துக்கொள்கிறது. மீதியை எல்லா விளையாட்டுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு நிரல்கள் ஒரே இடத்தில் எழுதினால், ஒன்றின் சாதனைப் பட்டியலை மற்றது அழித்துவிடும். வெவ்வேறு தொடக்க இடத்தைத் தேர்ந்துகொள்வதைத் தவிர இதற்குத் தடுப்பு ஏதும் இல்லை.

பிழையான நிரல் ஏறிவிட்டால் யுஎஸ்பி இணைப்பே செத்து, அடுத்த நிரலை ஏற்ற முடியாமல் போகலாம். இதற்காகவே, மேல் பட்டனை அழுத்திக்கொண்டு கருவியை இயக்கினால் திரை முழுவதும் வெள்ளையாக எரியும் டார்ச் நிலை வைக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் விளையாட்டு தொடங்காமல் காத்திருப்பதால் புதிய நிரலை ஏற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் கட்டுதல்

தானே கட்டுபவர்கள் பெரும்பாலும் புரோ மைக்ரோ என்ற சிறு போர்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதே ஏடிமெகா32யு4 சிப் அதில் உள்ளது. இது 5 வோல்ட்டில் 16 மெகா ஹெர்ட்ஸ், 3.3 வோல்ட்டில் 8 மெகா ஹெர்ட்ஸ் என இரண்டு வகையாக வருகிறது. 16 மெகா ஹெர்ட்ஸுக்கென்று தயாரித்த விளையாட்டை 8 மெகா ஹெர்ட்ஸ் போர்டில் ஏற்றினால், ஆட்டம் பாதி வேகத்தில் ஓடும், யுஎஸ்பியும் வேலை செய்யாது. ஆகவே முதல் வகையே பொருத்தம்.

ஆர்டுபாயில் திரையைத் தேர்ந்தெடுக்கும் கால் 12, ஒலிப்பானின் ஒரு கால் 13. புரோ மைக்ரோவில் இவ்விரண்டும் வெளியே எடுக்கப்படவில்லை. எனவே வேறு கால்களுக்கு மாற்றி இணைத்து, அந்த மாற்றம் தெரிந்த நூலகத்தோடு விளையாட்டுகளை மீண்டும் தயாரிக்க வேண்டும். திசைப் பட்டன்கள் ஏ0 முதல் ஏ3 வரையிலும், செயல் பட்டன்கள் 7, 8 கால்களிலும் அசலில் உள்ளபடியே அமையும்.

திரை வாங்கும்போது கால்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு கால் திரை ஐ2சி முறையில் பேசும். விநாடிக்கு 400 கிலோபிட் வேகத்தில் 1,024 பைட்டை அனுப்ப, ஒப்புதல் பிட்டுகளையும் சேர்த்து, சுமார் 23 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 60 படம் அதில் நடக்காது. ஏழு கால் திரை எஸ்பிஐ முறையில் இதே வேலையைச் சுமார் 1 மில்லி விநாடியில் முடித்துவிடும்.

1.3 அங்குலத் திரைகள் பலவற்றில் எஸ்எஸ்டி1306க்குப் பதில் எஸ்ஹெச்1106 சிப் இருக்கும். அதன் நினைவகம் 132 பத்திகள் கொண்டது. 128 பத்தித் திரை அதன் நடுவில் இணைந்திருப்பதால், படம் இரண்டு புள்ளி தள்ளி நிற்கும், ஓரத்தில் குப்பைக் கோடு தெரியும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பட்டை பட்டையாகவே அனுப்ப வேண்டும். திரை பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

மின்னழுத்தத்திலும் ஒரு இழுபறி உண்டு. 16 மெகா ஹெர்ட்ஸுக்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும் என்கிறது சிப்பின் விவரத்தாள். திரைச் சிப்போ 3.3 வோல்ட்டுக்கு மேல் சமிக்ஞையை எதிர்பார்ப்பதில்லை. லித்தியம் பாலிமர் பேட்டரி 4.2 வோல்ட்டில் நிறைந்து, பெரும்பகுதி நேரம் 3.7 வோல்ட்டை ஒட்டி நிற்கும். முறைப்படி செய்வதானால் 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சுற்றும், திரைக்கு முன் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றும் வேண்டும். பொழுதுபோக்காகக் கட்டுபவர்கள் பலர் பேட்டரியை நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓடுகிறது, ஆனால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு இல்லை.

அசல் ஆர்டுபாயின் பேட்டரி 180 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. சுமார் 8 மணி நேரம் தாங்கும். வீட்டில் கட்டுபவர்கள் சார்ஜ் செய்யப் பயன்படுத்தும் டிபி4056 மாட்யூல், 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 ஆம்பியர் தரும்படி அமைந்து வருகிறது. இவ்வளவு சிறிய பேட்டரிக்கு அது ஐந்து மடங்குக்கும் அதிகம். பேட்டரி சூடேறி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் மின்னோட்டம் சுமார் 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள மாட்யூலை வாங்குவதும், சார்ஜ் ஆகும்போது கருவியை அணைத்துவைப்பதும் நல்லது. பேட்டரியை இணைப்பதற்கு முன் மின்முனைகளை மல்ட்டிமீட்டரால் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் சிவப்பு கருப்பு ஒயர்களின் இடம் எல்லாப் பேட்டரிகளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

முதலில் பிரெட்போர்டில் இணைத்துத் திரையும் பட்டன்களும் வேலை செய்வதை உறுதிசெய்த பிறகே சாலிடரிங்குக்குப் போவது வழக்கம். உறையை 3டி பிரிண்டரில் அச்சிடுவோர், பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் அது வளைந்துபோகும்.

பிந்தைய வடிவங்கள்

முதல் ஆர்டுபாயில் ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டுதான் இருக்க முடியும். அடுத்து வந்த ஆர்டுபாய் எஃப்எக்ஸ், 16 மெகாபைட் வெளி ஃபிளாஷ் சிப் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பூட்லோடர் அதை உள் ஃபிளாஷுக்கு நகலெடுத்து ஓட்டும். உள் ஃபிளாஷைச் சுமார் 10,000 முறை அழித்து எழுதலாம் என்பது விவரத்தாளின் கணக்கு. ஒரு நாளைக்குப் பத்து முறை மாற்றினாலும் இரண்டரை ஆண்டுக்கு மேல் தாங்கும்.

எமுலேட்டர் கருவிகளோடு ஒப்பீடு

பழைய விளையாட்டுகளையே ஆட விரும்புவோர் வேறு சிப்களுக்குப் போகிறார்கள். 2015இல் 5 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ, லினக்ஸ் இயங்கும் முழுக் கணினி. ரெட்ரோபை மென்பொருளோடு பல பழைய கருவிகளாக அது நடிக்கும். 2018இல் ஹார்ட்கெர்னல் வெளியிட்ட ஓட்ராய்டு-கோ, ஈஎஸ்பி32 சிப்போடு, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பாக வந்தது. அதன் 320க்கு 240 வண்ணத் திரையில் ஒரு முழுப் படம் 153,600 பைட். 40 மெகா ஹெர்ட்ஸ் எஸ்பிஐ இணைப்பில் விநாடிக்கு 32 முறைக்குமேல் அதை நிரப்ப முடியாது. இத்தகைய கருவிகளில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் உத்திகள் இதனால்தான் தேவைப்படுகின்றன.

சட்டத்திலும் இவ்விரண்டு வழிகளும் பிரிகின்றன. எமுலேட்டர் எழுதுவதற்காக ஒரு கருவியைப் பிரித்து ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று, சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஆனால் விளையாட்டுகளின் பதிப்புரிமை அவற்றின் நிறுவனங்களிடமே இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நகல்களை ஏற்றுவதற்கு அத்தீர்ப்பு அனுமதி ஆகாது. ஆர்டுபாய் விளையாட்டுகள் அந்தக் கருவிக்கென்றே புதிதாக எழுதப்பட்டவை. பலவற்றின் மூல நிரலும் வெளியாகியுள்ளது. கருவியைக் கட்டி முடித்தவர், அதில் ஓடும் விளையாட்டையும் திறந்து படித்து, தன் விருப்பப்படி மாற்றி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.